புள்ளிபுள்ளியாக வரும் படங்கள்: வாசகர் கேள்வி–பதில்

இம்மாதம் ஒளிப்படப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைப் பற்றியவை. டிஜிட்டல் கேமராவில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது பரவலாகத் தெரியும் புள்ளிகளே அந்தக் குறை. ஒளிப்படக்காரர்கள் இதை ‘நாய்ஸ்’ என்றும், ஃபிலிம் காலத்துப் பழக்கத்தில் ‘கிரெய்ன்’ என்றும் சொல்வார்கள். ஆகவே இம்முறை வேறு கேள்விகளை நிறுத்திவைத்து, இதற்கே இடத்தை முழுமையாக ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணன் மகளின் திருமண வரவேற்பைப் புதிதாக வாங்கிய கேமராவில், அதனுடன் வந்த 18-55 மி.மீ. லென்ஸை வைத்து, ஆட்டோ நிலையில் எடுத்தேன். கேமராவின் சிறு திரையில் படங்கள் நன்றாகத் தெரிந்தன. கணினியில் பார்த்தபோது மணமகளின் கூந்தலிலும் மணமகனின் கறுப்புக் கோட்டிலும் மணலைத் தூவியது போல் புள்ளிகள். கேமராவில் கோளாறா? கடையில் மாற்றித் தரச் சொல்லலாமா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: மாற்ற வேண்டியதில்லை, உங்கள் கேமரா சரியாகவே இயங்குகிறது. கணினியில் படக்கோப்பின் பண்புகளைத் திறந்து ‘விவரங்கள்’ பகுதிக்குச் சென்றால், ஒவ்வொரு படமும் எந்த அமைப்பில் எடுக்கப்பட்டது என்பது பதிவாகியிருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் அப்பெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப் 5.6, ஷட்டர் வேகம் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/125 நொடி, ஐ.எஸ்.ஓ. (மின்குறிப்பைப் பெருக்கும் அளவு) 6400 என்று இருக்கிறது. நடந்தது என்ன என்பதை இந்த மூன்று எண்களும் சொல்லிவிடுகின்றன.

நண்பகல் வெயிலில் தரையில் விழும் வெளிச்சம், அதை அளக்கும் அலகில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். விளக்குகள் எரியும் ஒரு திருமண மண்டபத்தில் அது பெரும்பாலும் 100 முதல் 300 லக்ஸ்தான். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தானாகவே பழகிக்கொள்வதால், மண்டபம் நமக்குப் பிரகாசமாகத் தோன்றுகிறது. கேமராவில் ஒளியைப் பதியும் சென்சாருக்கோ வெயிலில் கிடைக்கும் ஒளியில் பல நூற்றில் ஒரு பங்குதான் அங்கே கிடைக்கிறது. அந்தக் குறைவை ஈடுகட்டும் வழிகள் மூன்று மட்டுமே: லென்ஸின் துளையை அகலத் திறப்பது, ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்துவைப்பது, கிடைத்த சிறிதளவு ஒளியால் உண்டான மின்குறிப்பைப் பெருக்குவது. முதல் இரண்டும் சென்சாரில் விழும் ஒளியின் அளவையே கூட்டுகின்றன. மூன்றாவதான ஐ.எஸ்.ஓ., விழுந்து முடிந்த ஒளியைக் கொண்டு படத்தைப் பிரகாசமாகக் காட்டுகிறதே தவிர, ஒரு துளி ஒளியையும் புதிதாகக் கொண்டுவருவதில்லை.

புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு ஒளியின் இயல்பையே பார்க்க வேண்டும். ஒளி, ஃபோட்டான் எனும் தனித்தனித் துகள்களாக, ஒழுங்கான இடைவெளியில்லாமல் வந்து விழுகிறது. ஒரே நிறமும் ஒரே வெளிச்சமும் உள்ள ஒரு பரப்பைப் படம் எடுத்தாலும், அடுத்தடுத்த இரண்டு பிக்சல்களுக்குச் சமமான எண்ணிக்கையில் ஃபோட்டான்கள் கிடைப்பதில்லை. இந்த ஏற்றத்தாழ்வின் அளவு, சராசரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குச் சமம் என்பது இயற்பியல் விதி. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 ஃபோட்டான்கள் விழுந்தால் ஏற்றத்தாழ்வு 100, அதாவது நூற்றில் 1 பங்கு. அது கண்ணுக்குத் தெரியாது. வெறும் 100 ஃபோட்டான்கள் விழுந்தால் ஏற்றத்தாழ்வு 10, அதாவது பத்தில் 1 பங்கு; அது புள்ளிகளாகத் தெரியும். கூந்தலிலும் கறுப்புக் கோட்டிலும் மட்டும் குறை மிகுதியாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்: இருண்ட பரப்புகளிலிருந்து திரும்பி வரும் ஃபோட்டான்கள் மிகவும் குறைவு. இதனுடன் கேமராவின் மின்சுற்று தானே உண்டாக்கும் சிறு பிழைகளும் சேர்ந்துகொள்கின்றன.

உங்கள் படத்துக்கு வருவோம். ஐ.எஸ்.ஓ. 100-இலிருந்து 6400 வரை ஆறு முறை இரட்டிப்பாகிறது. அதாவது ஐ.எஸ்.ஓ. 100-இல் சரியான வெளிச்சத்தோடு எடுத்த படம் ஒன்றில் சென்சார் பெறும் ஒளியில் 64-இல் ஒரு பங்கைக் கொண்டு கேமரா உங்கள் படத்தை உருவாக்கியிருக்கிறது. அது வேறு வழியின்றிச் செய்த செயல். ஏனென்றால் நீங்கள் 55 மி.மீ. வரை ஜூம் செய்திருக்கிறீர்கள். இவ்வகை லென்ஸ்களில் 18 மி.மீ. முனையில் துளை எஃப் 3.5 வரை திறக்கும், 55 மி.மீ. முனையில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறியதானால் துளை பெரிது). இரண்டுக்கும் இடையே ஒளி இரண்டரை மடங்கு வேறுபடும். எனவே பணம் செலவழிக்காமல் செய்யக்கூடிய முதல் திருத்தம், ஜூமைக் குறைத்துவிட்டு இரண்டடி முன்னே செல்வதுதான். முகத்தை மட்டும் எடுப்பதற்கு இது உதவாது, அகன்ற கோணத்தில் மிக அருகே சென்றால் மூக்கு பெரிதாகத் தெரியும். மேடையை அரைவட்டமாகச் சூழ்ந்து நிற்போரை எடுக்க நன்றாக உதவும்.

இரண்டாவது திருத்தம், 50 மி.மீ. எஃப் 1.8 போன்ற ஜூம் இல்லாத லென்ஸ். பெரும்பாலான முன்னணிக் கேமரா நிறுவனங்கள் இதைத் தங்கள் லென்ஸ்களிலேயே குறைந்த விலைப் பிரிவில் விற்கின்றன. அதை எஃப் 2-இல் வைத்தால் எஃப் 5.6-ஐ விட எட்டு மடங்கு ஒளி கிடைக்கும். அதே மண்டபத்தில், அதே 1/125 நொடியில், 6400 என்பது 800 ஆகிவிடும். புதிய கேமரா வாங்குவதைக் காட்டிலும் இந்த ஒரு லென்ஸ் உங்கள் படங்களை மாற்றும் என்று உறுதியாகச் சொல்வேன். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: எஃப் 2-இல் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறைவு. மணமக்கள் இருவரையும் எடுக்கலாம். உறவினர்கள் இரண்டு வரிசையாக நிற்கும் குழுப்படத்தில் பின்வரிசை மங்கிவிடும். அங்கே எஃப் 5.6-ஐ வைத்துக்கொண்டு, தனி ஃபிளாஷை வெள்ளைக் கூரையின் மீதோ பக்கச் சுவரின் மீதோ திருப்பி அடிப்பதே நல்லது.

கேள்வி: ஐ.எஸ்.ஓ.வை 400-க்கு மேல் உயர்த்தவே கூடாது என்று படித்திருக்கிறேன். அதன்படியே பள்ளி ஆண்டு விழாவில் மாணவியரின் நடனத்தை 400-இல் எடுத்தேன். படங்கள் இருட்டாக இருந்ததால் கணினியில் வெளிச்சமாக்கினேன். அதே மேடையை உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் என்னுடையதைப் போன்ற கேமராவில் 3200-இல் எடுத்திருந்தார். அவருடைய படங்களைக் காட்டிலும் என் படங்களில்தான் புள்ளிகள் அதிகம். இது எப்படி?
(ஆசிரியை, நாகர்கோவில்)

பதில்: இம்மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது உங்களுடையதுதான். நீங்கள் படித்த அறிவுரை முற்றிலும் தவறானது என்று சொல்ல மாட்டேன்; அது காலம் கடந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் விற்ற சிறு டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றில் 400 என்பதே கடைசி எல்லையாக இருந்தது. அந்த எல்லையில் படம் உண்மையிலேயே பாழானது. இன்றைய சென்சார்கள் அந்த நிலையிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டன.

உங்கள் படத்திலும் உடன் ஆசிரியர் படத்திலும் அப்பெர்ச்சரும் ஷட்டர் வேகமும் ஒன்றாகவே இருந்திருந்தால், இரண்டு சென்சார்களும் பெற்ற ஒளி சமம். அவருடைய கேமரா மின்குறிப்பை முதலிலேயே பெருக்கி, அதன் பிறகு எண்களாக மாற்றியது. உங்கள் கேமரா பலவீனமான மின்குறிப்பை அப்படியே எண்களாக மாற்றியது. மாற்றும்போது மின்சுற்று சேர்த்த பிழைகளும் அதனுடன் கலந்தன. பிறகு நீங்கள் கணினியில் எட்டு மடங்கு வெளிச்சமாக்கியபோது, அந்தப் பிழைகளும் எட்டு மடங்காகப் பெருகின. அண்மைக் காலச் சென்சார்கள் சிலவற்றில் ‘ரா’ கோப்பாக, அதாவது சென்சார் பதிந்ததைச் சுருக்கித் திருத்தாத கோப்பாக எடுத்தால், இந்த வேறுபாடு மிகச் சிறியது. ஆனால் நீங்கள் எடுத்தது ஜேபெக், அதாவது கேமராவே திருத்திச் சுருக்கித் தரும் வழக்கமான படக்கோப்பு. ரா கோப்பு ஒவ்வொரு பிக்சலிலும் 4,096 அல்லது 16,384 ஒளிநிலைகளைப் பிரித்துப் பதியும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 நிலைகள்தான் உண்டு. அதிலும் இருண்ட பகுதிகளின் நுட்பங்களைக் கோப்பைச் சுருக்கும்போதே கேமரா விட்டுவிடும். விட்டதை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது.

ஆகவே ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். அஞ்ச வேண்டியது ஒளிப்பற்றாக்குறையைக் கண்டு. மேடை நடனத்துக்கு முதலில் ஷட்டர் வேகத்தை முடிவு செய்யுங்கள்: அடவின் இடையே நிற்கும் கணத்துக்கு 1/125 போதும், சுழற்சிக்கும் தாவலுக்கும் 1/250 அல்லது 1/500 வேண்டும். அடுத்து லென்ஸின் துளையை இயன்றவரை திறந்துவையுங்கள். இவ்விரண்டுக்கும் பிறகு, முகம் சரியான வெளிச்சத்தில் வருவதற்கு எந்த ஐ.எஸ்.ஓ. தேவையோ அதுவே சரியான ஐ.எஸ்.ஓ.; அது 3200 ஆனாலும் 6400 ஆனாலும் தயங்காதீர்கள். புள்ளிகள் உள்ள படத்தில் மாணவியின் முகபாவம் இருக்கும், அதைப் பெற்றோர் ஆசையோடு வாங்கிச் செல்வார்கள். 1/15 நொடியில் அசைந்து கலங்கிய படத்தைக் கூர்மையாக்க இன்றுவரை நம்பத்தக்க வழியில்லை.

மேடையில் பின்புறம் கறுப்புத் திரை இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேமராவின் ஒளி அளவி முழுச் சட்டகத்தையும் சராசரி பார்ப்பதால், இருண்ட திரையையும் வெளிச்சமாக்க முயன்று, ஐ.எஸ்.ஓ.வைத் தேவைக்கு மேல் ஏற்றி, முகத்தை வெளுக்கச் செய்துவிடும். எக்ஸ்போஷர் (படம் பெறும் வெளிச்ச அளவு) ஈடு செய்யும் பொத்தானில் ஒரு நிலை குறைத்து வையுங்கள், அல்லது நடுப்புள்ளியை மட்டும் அளக்கும் முறைக்கு மாற்றி முகத்தில் அளவெடுங்கள்.

கேள்வி: எனக்குப் பட்டப்பகலில் எடுத்த படங்களிலேயே புள்ளிகள் வருகின்றன. ஏன்?
(வாசகர், சிவகாசி)

பதில்: முந்தைய இரவில் உயர்த்திய ஐ.எஸ்.ஓ.வை மறுநாள் காலையில் இறக்காமல் விட்டிருப்பீர்கள். பகல் படங்களில் புள்ளிகள் தெரிவதற்கு மிகவும் பொதுவான காரணம் அதுதான். விவரக் குறிப்பில் 1600, 3200 என்று இருந்தால் ஐயமே இல்லை. எண் 100 அல்லது 200 என்றே இருந்தால், படத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினீர்களா, டிஜிட்டல் ஜூம் பயன்படுத்தினீர்களா, நிழல் பகுதிகளைக் கணினியில் அளவுக்கு மீறித் தூக்கினீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: என் கேமராவின் சென்சார், கைப்பேசியின் சென்சாரைப் போலப் பல மடங்கு பெரியது. ஆனால் இரவில் கோபுரத்தை எடுத்தால் மகனின் கைப்பேசியில்தான் படம் சுத்தமாக வருகிறது. பெரிய சென்சார் சிறந்தது என்பது உண்மையில்லையா?
(வாசகர், ஸ்ரீரங்கம்)

பதில்: உண்மைதான். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு 36 × 24 மி.மீ., அதாவது 864 சதுர மில்லிமீட்டர். உங்களுடையதைப் போன்ற ஏ.பி.எஸ்.-சி. வகைச் சென்சார் ஏறத்தாழ 370. சிறு பாக்கெட் கேமராக்கள் பலவற்றில் இருந்தது 28 சதுர மில்லிமீட்டர்தான். அப்பெர்ச்சரும் ஷட்டர் வேகமும் சமமாக இருந்தால், பரப்பு பெரியதாக உள்ள சென்சாரே மொத்தத்தில் அதிக ஒளியைப் பெறும். அதன் படமே சுத்தமாக இருக்கும்.

கைப்பேசி இந்தப் போட்டியில் ஒரே படத்தோடு நிற்பதில்லை. 2018-இல் கூகுள் பிக்சல் கைப்பேசிகளிலும், 2019-இல் ஐஃபோன் 11 வரிசையிலும் அறிமுகமாகி, இன்று பெரும்பாலான கைப்பேசிகளில் உள்ள இரவு நிலை, நீங்கள் பொத்தானை ஒருமுறை தொட்டதும் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, கை அசைவால் விலகியவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, சராசரி காண்கிறது. புள்ளிகள் படத்துக்குப் படம் இடம் மாறுபவை, கோபுரமோ மாறாதது. எனவே சராசரியில் கோபுரம் நிலைத்து, புள்ளிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 4 படங்களைச் சேர்த்தால் புள்ளிகள் பாதியாகும், 16 படங்களைச் சேர்த்தால் கால் பங்காகும்.

உங்கள் கேமராவிலும் இதைச் செய்யலாம். இன்னும் எளிதாக, முக்காலியில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8 என வைத்து, ஷட்டரைச் சில நொடிகள் திறந்துவைத்தால் கைப்பேசியால் எட்ட முடியாத தெளிவு கிடைக்கும். அசையாத பொருளுக்கு நேரத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். கோபுரத்தைப் போல அதற்கு இசைந்த பொருள் வேறு இல்லை. விரல் படும் அதிர்வைத் தவிர்க்க 2 நொடி டைமரை வையுங்கள். தேரோட்டத்தையும் சுவாமி புறப்பாட்டையும் இப்படி எடுக்க முடியாது; அங்கே கைப்பேசியின் இரவு நிலையும் தடுமாறும், ஆட்களின் உருவம் இரட்டையாகவோ குழம்பியோ விழும். அத்தகைய இடத்தில் அகன்ற துளை கொண்ட லென்ஸும் உயர்ந்த ஐ.எஸ்.ஓ.வுமே துணை.

கேள்வி: ஏலகிரியில் விண்மீன்களை எடுக்க 30 நொடி ஷட்டர் வைத்தேன். படம் எடுத்த பிறகு கேமரா மேலும் அரை நிமிடம் எதற்கும் அசையவில்லை. அந்தக் காத்திருப்பு பிடிக்காமல் மெனுவில் ஓர் அமைப்பை அணைத்துவிட்டேன். இப்போது சிவப்பும் நீலமுமாகப் பளிச்சென்ற புள்ளிகள் எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் வருகின்றன.
(மாணவர், திருப்பத்தூர்)

பதில்: நீங்கள் அணைத்தது நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் குறைப்பு. இது மேலே விளக்கிய புள்ளிகளிலிருந்து வேறுபட்ட குறை. சென்சார், ஒளியே படாவிட்டாலும் வெப்பத்தால் சிறிதளவு மின்னூட்டத்தைச் சேர்க்கும். சில பிக்சல்கள் மற்றவற்றைவிட மிகுதியாகச் சேர்க்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் கூடக் கூட இதுவும் கூடும். ஒவ்வொரு 6 முதல் 8 டிகிரி வெப்ப உயர்வுக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். வானியல் ஆய்வகங்களில் தொலைநோக்கியோடு இணைக்கும் சென்சார்களைத் திரவ நைட்ரஜனால் குளிர்விப்பது இதனால்தான்.

கேமரா காத்திருந்த அந்த அரை நிமிடத்தில், ஷட்டரை மூடிக்கொண்டு அதே 30 நொடிக்கு வெறும் இருட்டுப் படம் ஒன்றை எடுத்து, அதில் தெரியும் புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழித்தது. ஓரிரு படங்கள் மட்டும் எடுப்பதானால் அந்த அமைப்பை மீண்டும் இயக்குங்கள். தொடர்ச்சியாக நிறைய எடுப்பதானால் அணைத்தே வைத்திருந்து, இறுதியில் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐ.எஸ்.ஓ.விலும் அதே 30 நொடியிலும் சில இருட்டுப் படங்களை எடுத்துக்கொண்டு, கணினியில் எல்லாப் படங்களிலிருந்தும் கழிக்கலாம். மலையிலேயே, அதே குளிரில் எடுப்பது அவசியம்; வீட்டுக்கு வந்து எடுத்தால் வெப்பநிலை மாறியிருக்கும், கணக்கு பொருந்தாது.

கேள்வி: நாய்ஸ் நீக்கும் மென்பொருளைப் பயன்படுத்தினால் பாட்டியின் முகம் மெழுகு பொம்மையாகிவிடுகிறது. பயன்படுத்தாவிட்டால் புள்ளிகள். இரண்டுக்கும் நடுவே வழி உண்டா?
(வாசகி, காரைக்குடி)

பதில்: உண்டு. புள்ளிகளில் இரு வகை இருக்கின்றன: வெளிச்சத்தில் மட்டும் வேறுபடும் சாம்பல் நிறப் புள்ளிகள், பச்சை, ஊதா எனத் திட்டுத்திட்டாகத் தெரியும் நிறப் புள்ளிகள். கண்ணை உறுத்துவது இரண்டாவது வகை. குண்டு பல்பின் மஞ்சள் ஒளியில் எடுத்த படங்களில் இது மிகுதி. அந்த ஒளியில் நீலம் மிகக் குறைவு, சென்சாரிலும் நீலத்தைப் பதியும் பிக்சல்கள் நான்கில் ஒன்றுதான், பாதி பச்சைக்கு உரியவை. குறைவாகக் கிடைத்த நீலத்தைக் கேமரா பெருக்கும்போது திட்டுகள் தோன்றுகின்றன.

மென்பொருளில் இவ்விரு வகைக்கும் தனித்தனிப் பட்டைகள் இருக்கும். நிறப் புள்ளிகளுக்கான பட்டையைத் தாராளமாக உயர்த்துங்கள்; முகத்தின் நுட்பம் அதனால் பெரிதும் கெடாது. வெளிச்சப் புள்ளிகளுக்கானதைச் சுருக்கங்களும் புருவ முடிகளும் அழியத் தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் 2023-இல் வந்த செயற்கை நுண்ணறிவு வழி நாய்ஸ் நீக்கம் போன்றவை, ரா கோப்பிலிருந்து தொடங்கினால் வியக்கத்தக்க அளவில் உதவுகின்றன; முழு அளவுக்கு ஏற்றாமல் பாதியில் வைப்பதே என் விருப்பம். பாட்டியின் முகத்தில் உள்ள ஒவ்வொரு கோடும் அவருடையது. அதை அழித்துப் பெறும் சுத்தம் வேண்டாம். கொஞ்சம் புள்ளிகள் மிஞ்சட்டும். ஜேபெக்கில் எடுப்பவர்கள் கேமரா மெனுவில் உள்ள உயர் ஐ.எஸ்.ஓ. நாய்ஸ் குறைப்பையும் ‘குறைவு’ என்ற நிலையில் வைப்பது நல்லது.

கேள்வி: வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்கு அனுப்பிய படங்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. என்ன அமைப்பை மாற்ற வேண்டும்?
(வாசகர், ஈரோடு)

பதில்: கேமராவில் எதையும் மாற்ற வேண்டாம். ஜேபெக் முறை படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்தே சுருக்குகிறது; சுருக்கம் மிகுந்தால் அக்கட்டங்கள் தெரியும். அனுப்பும்போது படத்தை ‘ஆவணம்’ என்ற வகையில் இணைத்தால் சுருங்காமல் போய்ச் சேரும்.

கேள்வி: ஆல்பம் அச்சிடக் கொடுக்கவிருக்கிறேன். ஐ.எஸ்.ஓ. 3200-இல் எடுத்த படங்களை ஒதுக்கிவிடலாமா?
(வாசகர், புதுச்சேரி)

பதில்: ஒதுக்காதீர்கள். 24 மெகாபிக்சல் படம் 6000 × 4000 பிக்சல் கொண்டது. அதை 1920 × 1080 திரையில் நூறு விழுக்காடு பெரிதாக்கிப் பார்க்கும்போது, முழுப் படத்தில் ஏறத்தாழ 12-இல் ஒரு பகுதியைத்தான் பார்க்கிறீர்கள். வழக்கமான 24 அங்குலத் திரையில் அது ஐந்தடி அகல அச்சை மூக்கருகே வைத்துப் பார்ப்பதற்குச் சமம். ஆல்பத்தின் 12 × 8 அங்குலப் பக்கத்துக்கு 3600 × 2400 பிக்சல் போதும். அந்த அளவுக்குப் படம் சுருங்கும்போதே அடுத்தடுத்த பிக்சல்கள் சராசரியாகிப் புள்ளிகள் பெருமளவு அடங்கிவிடும். தாளில் மை பரவுவதாலும் இன்னும் சற்று மறையும். ஐயம் இருந்தால், மிக மோசமாகத் தெரியும் இரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்து, ஆல்பத்தின் அளவிலேயே சோதனைப் பிரதி எடுத்துத் தரும்படி அச்சகத்தாரிடம் கேளுங்கள். கையில் பிடித்துப் படிக்கும் தொலைவில் வைத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.